அன்றைக்குப் படம் எடுக்கவில்லை

அன்று காலை பச்சைக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் என்ஐசியு வாசலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். குழந்தையின் அப்பா, ட்யூட்டி முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் நின்றிருந்த சிஸ்டர், எக்ஸ்ரே மெஷினோடு நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை இருந்தது. அம்மா மட்டும் இல்லை. அவர் கோபாலபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் படுத்திருந்தார். பெற்ற பிள்ளையை அவர் அதுவரை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"படம் எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டார் அப்பா. கையில் செல்போனைத் தயாராக வைத்திருந்தார்.

"இன்னைக்கு இல்லண்ணே."

"லேட்டாகுமா? நான் வெயிட் பண்றேன்."

"இல்லண்ணே. இன்னைக்கு எடுக்கல."

சிஸ்டர் குறுக்கே வந்து, "நல்ல விஷயம்தாங்க. தேவைப்படல, அதான் எடுக்கல," என்றார். அப்பா தலையாட்டினார். ஆனால் செல்போனைச் சட்டைப் பைக்குள் போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு நான் என்னத்த அனுப்பறது?" என்றார்.

அவர் எதை அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். மயிலாப்பூரில், குளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சந்துக்குள் இருக்கும் நடுத்தர ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். அப்பா சாந்தோம் கடற்கரையில் போட்டில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பன்னிரண்டாவதுக்கு அப்புறம் டிப்ளமோ படித்தேன். "என் புள்ள ஆஸ்பத்திரில படம் புடிக்கிறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டதில், பக்கத்து வீட்டு அக்கா தன் பெண் மஞ்சள் நீராட்டுக்கு வந்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரேவுக்குத் தனி மரியாதை உண்டு. ஒருவர் நல்ல டாக்டரா இல்லையா என்பதை இரண்டு கேள்வியில் முடிவு செய்துவிடுவார்கள். ஊசி போட்டாரா, படம் எடுத்தாரா. ஒரு முறை அப்பாவுக்கு விடாத இருமல். டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்து, குழாய் வைத்துக் கேட்டு, இது சாதாரணச் சளி, படமெல்லாம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு ஆறவே இல்லை. "கைல காசு இல்லன்னு மூஞ்சியப் பாத்தே கண்டுக்கினான்டா" என்றார். மறுநாளே வேறொரு இடத்துக்குப் போய்ச் சண்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். சளிதான். ஆனால் அந்தக் கவரை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் சாத்தி வைத்திருந்தார்.

ஆகவே என்ஐசியுவுக்குள் முதல் முறை மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் ஏதோ பெரிய காரியம் செய்யப் போகிறவன் மாதிரிதான் போனேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். என் உள்ளங்கையில் தலையும் முழங்கைக்கு முன்னால் காலும் அடங்கிவிடும் அளவு. வென்டிலேட்டரில் இருக்கிற குழந்தைக்கெல்லாம் தினமும் விடியற்காலையில் ஒரு மார்புப் படம். யார் ஆரம்பித்த பழக்கம் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது படம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுப்பது என்றால் பெரியவர்களுக்கு மாதிரி மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க என்று சொல்லி முடித்துவிடுகிற வேலையில்லை. பெட்டியின் கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கிற வெதுவெதுப்பு வெளியே போய்விடும். எக்ஸ்ரே பலகையைக் குழந்தைக்கு அடியில் செருக வேண்டும். அது ஜில்லென்று இருக்கும் என்பதால் துணியில் சுற்றித்தான் வைப்பேன். சிஸ்டர் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு குழந்தையின் கைகளைத் தலைக்கு மேலே ஒரு கையால், கால்களை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். தொண்டைக்குள் போகிற குழாய் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் ஆபத்து. மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் இறங்க ஆரம்பிக்கும். மற்ற சிஸ்டர்கள் எல்லாம் தள்ளிப் போய் நிற்பார்கள். நானும் ஸ்விட்சை நீளமான வயரோடு இழுத்துக்கொண்டு தள்ளி நிற்பேன். அந்த அறையில் தள்ளிப் போக முடியாத ஆள் குழந்தைதான்.

மெஷினிலிருந்து ஒரு வெளிச்சச் சதுரம் விழும். அதற்குள் எது இருக்கிறதோ அதன் மேல்தான் கதிர் படும். பெரியவர்களின் மார்புக்கு வைக்கிற அளவில் அதை விட்டால், இந்தக் குழந்தைக்குத் தாடையிலிருந்து தொடை வரை எல்லாமே உள்ளே வந்துவிடும். கண்டிப்பான ஒரு சிஸ்டர்தான் அதைச் சுருக்கச் சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கினார். "நெஞ்சைக் கேட்டா முழுப் புள்ளையையும் எடுக்கறியே, போஸ்டர் ஒட்டப் போறியா?" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிரிவுக்குப் புதிதாகப் பெரிய டாக்டர் ஒருவர் பொறுப்புக்கு வந்தார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் மத்தியானம் ட்யூட்டி டாக்டர்கள், சிஸ்டர்கள், நான் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் நிற்க வைத்தார். நன்றாகத் தேறி வீட்டுக்குப் போய்விட்ட ஒரு குழந்தையின் படங்களை முதலிலிருந்து திறந்தார்.

"இதப் பாத்துட்டு என்ன பண்ணோம்?"

"ட்யூப் கொஞ்சம் கீழ இருந்தது மேடம். மேல இழுத்தோம்," என்றார் ஒரு ட்யூட்டி டாக்டர்.

"சரி. இதப் பாத்துட்டு?"

ட்யூட்டி டாக்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து தேடினார்.

"இது? இது?" அவர் தட்டிக்கொண்டே போனார். "இது திங்கக்கிழமை எடுத்தது, இது செவ்வாய்க்கிழமை எடுத்தது. கிழமையத் தவிர வேற என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு படத்தில் போகிற கதிர் கொஞ்சம்தான், அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை என்றார். ஆனால் இவ்வளவு சின்ன உடம்பு, இன்னும் எத்தனையோ வருஷம் வளர வேண்டிய உடம்பு, கணக்கில்லாமல் சேர்த்துக்கொண்டே போக நமக்கு என்ன உரிமை என்றார். கதிரை விடுங்கள், ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி, புரட்டி, குளிரவைத்து, குழாயை ஆட்டுகிறோமே, அது போதாதா என்றும் கேட்டார்.

அதிலிருந்து புது முறை. காலை வழக்கப் படம் கிடையாது. படம் வேண்டும் என்கிறவர் குழந்தையின் பக்கத்தில் வந்து நின்று, என்ன பார்க்க வேண்டும், அதைப் பார்த்தால் என்ன மாற்றப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்றால் படமும் இல்லை. கதிரே இல்லாத ஸ்கேன் மெஷினில் பார்க்கக்கூடியதை அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் என் பக்கம் திரும்பி, "யாரும் சொல்லலேன்னா நீ கேளு. பதில் வரலேன்னா மெஷினத் திருப்பிக்கிட்டுப் போ," என்றார்.

நான் டாக்டர்களைக் கேள்வி கேட்பதா? முதல் சில நாட்கள் நாக்கு எழவே இல்லை. மெஷினைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பேன். ட்யூட்டி டாக்டர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். "சரிப்பா, சொல்றேன்பா" என்று அவரே சொல்லிவிடுவார். சில நேரம், சொல்ல வாயைத் திறந்து, யோசித்து, "வேணாம், போ" என்று அனுப்பியதும் உண்டு.

வீட்டில்தான் இது கலவரம் ஆயிற்று. வேலை எப்படிப் போகிறது என்று அப்பா கேட்டதற்கு, இப்போதெல்லாம் படம் குறைச்சல் என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டில் கை வைத்தபடி நிறுத்திவிட்டார்.

"படம் கம்மியானா உன்ன இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருப்பான்?"

"அப்படியில்லப்பா. தேவையானதத்தான் எடுக்கணும்னு..."

"மீனு கம்மியா புட்சிக்கினு வந்தா எவனாவது சபாஷ்னு சொல்வானாடா? படிச்சவனுங்க பேச்சே எனக்குப் புரியல."

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் மெஷின் தூணோரமாகச் சும்மா நிற்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே நிற்பேன். ஆனால் அப்படி நின்ற காலைகளில்தான் அந்தக் குழந்தைகள் தூங்குவதை நான் முதலில் பார்த்தேன். அதுவரை நான் உள்ளே போகும்போதெல்லாம் அவை விழித்துக்கொண்டு, கையைக் காலை உதறி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருக்கும். குழாய் இருப்பதால் சத்தம் வராது. நான் போகாவிட்டால் அவை என்ன செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனி அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன்.

குழந்தையின் அப்பா தி.நகரில் பிளவுஸ் துணி விற்கும் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை பார்ப்பவர். வீடு மேற்கு மாம்பலத்தில். முதல் குழந்தை. ஏழாம் மாதத்தில் மனைவிக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, வலிப்பு வந்து, மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அந்த நர்சிங் ஹோமில் இவ்வளவு சின்னக் குழந்தையை வைத்துக் காப்பாற்ற வசதி இல்லை. அம்மா கண் விழிப்பதற்குள் குழந்தை ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்துவிட்டது. அவருக்கு அழுத்தம் இறங்காததால் வீட்டுக்கும் விடவில்லை, இங்கேயும் விடவில்லை.

குழந்தைகளைச் செல்போனில் படம் எடுக்க எங்கள் பிரிவில் அனுமதி கிடையாது. யாரோ எடுத்தது எங்கேயோ சுற்றி, முன்பு ஒரு தடவை பெரிய சண்டையாகியிருக்கிறது. எக்ஸ்ரேவைக் காட்டுவதற்கு மட்டும் தடையில்லை. உள்ளே எடுத்துவிட்டு வாசலுக்கு வந்ததும், மெஷினின் திரையை வீட்டு ஆட்களிடம் திருப்பிக் காட்டுவது அங்கே ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். வெள்ளை வெள்ளையாக விலா எலும்பு, நடுவில் இதயம், இரண்டு பக்கமும் நுரையீரல். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கும்பிடுவார்கள்.

இந்த அப்பா அதைச் செல்போனில் எடுத்து மனைவிக்கு அனுப்ப ஆரம்பித்தார். குழந்தை மோசமாக இருந்த அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் படத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. ஒரு நாள் குழாய் இடம் மாறிவிட்டது, ஒரு நாள் ஒரு பக்கம் நுரையீரல் சுருங்கிவிட்டது, அடுத்த நாள் அது விரிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இப்படித் தினமும் ஒன்று. படத்தின் மூலையில் அம்மாவின் பெயர், அன்றைய தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும். அந்த மூலையைத்தான் அவர் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பாராம். பிறகுதான் எலும்பைப் பார்ப்பாராம். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் காட்டுவாராம். "எங்க பையன் இதோ," என்று.

நான் முதலில் சொன்ன அந்தக் காலைக்கு முந்தின நாள் மாலை குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கில் மாஸ்க் மட்டும். குழந்தை தானாக மூச்சு விட்டது, ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் நன்றாக நின்றது. காலையில் மேடம் வந்து பார்த்தார். ட்யூட்டி டாக்டர், "குழாய் எடுத்ததுக்கு அப்புறம் ஒரு படம்..." என்று இழுத்தார். "எதுக்கு?" என்றார் மேடம். அவர், "எதுக்கும் இல்ல மேடம்," என்று தானே ஒத்துக்கொண்டார். என்னிடம் போகலாம் என்று தலையசைத்தார்கள். குழந்தைக்கு அதுவரை கிடைத்ததிலேயே நல்ல காலை அது.

கோபாலபுரத்தில் அது அப்படித் தெரியவில்லை.

அப்பா வாசலுக்கு வெளியே நின்று மனைவிக்கு போன் போட்டார். நன்றாக இருக்கிறான், குழாயை எடுத்துவிட்டார்கள், அதனால் இன்றைக்குப் படம் இல்லை என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மாறியது. "சத்தியமாடி... நான் ஏன் பொய் சொல்லப் போறேன்... என் கண்ணால பாத்தேன்டி." பிறகு போனை வாங்கியது மனைவியின் அக்கா போலிருக்கிறது. அவர் பேசியது எனக்கே கேட்டது. "குழாயப் புடுங்கிட்டாங்க, படமும் எடுக்கலைன்னா என்னங்க அர்த்தம்? அவ கையில இருக்கிற ஊசியப் பிய்க்கிறா. மறைக்காம சொல்லிடுங்க."

எனக்கு என் அப்பாவின் இருமல் நினைவுக்கு வந்தது. படம் எடுக்காமல் விட்டார்கள் என்றால் கைவிட்டுவிட்டார்கள். எங்கள் தெருவிலும் யாரும் வேறு மாதிரி நினைக்க மாட்டார்கள்.

சிஸ்டர் ஒரு வழி சொன்னார். மேடத்தைக் கேட்காமல் ட்யூட்டி டாக்டரிடம் மட்டும் அனுமதி வாங்கி, செல்போனைக் கழுவின பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு உள்ளே கொண்டு போய், வீடியோ காலில் குழந்தையைக் காட்டினார். அது பழைய கட்டடம், சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம். அந்த அறையில் சிக்னல் எப்போதும் தகராறு. பெட்டிக்குப் பக்கத்தில் போன் போனதும் படம் அப்படியே உறைந்துவிட்டது. குல்லா, மாஸ்க், மூடிய கண். அசைவே இல்லை. அங்கே அவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். லைன் அறுந்த பிறகு திரும்ப வந்த போனில் அக்கா பேசவில்லை, அலறினார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒரே ஒரு படம். தேதியோட. நீ என்ன சொன்னாலும் கட்டறேன். அவளுக்கு பிரஷர் மறுபடி ஏறிடுச்சாம் தம்பி. போன தடவை வலிப்பு வந்தப்ப நான் பாத்தேன். திரும்ப அதப் பாக்க முடியாது."

"எடுத்துக் குடுத்துடேன்டா," என்றார் சிஸ்டர். "ஒரு படம்தானே." அவர் சும்மா சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. ட்யூட்டி டாக்டரும், "எழுதிடவா?" என்று என்னைத்தான் கேட்டார். மெஷின் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பலகையைத் துணியில் சுற்றக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது மேடம் வேறு வார்டிலிருந்து திரும்பி வந்தார். விஷயத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. படத்துல என்ன பாக்கப் போறீங்க?" என்றார்.

நான் முந்திக்கொண்டு பேசிவிட்டேன். "மேடம், குழந்தைக்கு ஒண்ணும் மாறாது. ஆனா அந்தம்மாவுக்கு மாறும். அழுகைய நிறுத்துவாங்க, சாப்பிடுவாங்க, பிரஷர் இறங்கும். அந்த மாற்றத்தக் கணக்குல சேத்துக்கலாமா?"

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் அதுவரை பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். குழந்தை குல்லா ஒரு பக்கம் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"சேத்துக்கலாம்தான்," என்றார். "நோவு அவங்களுக்கு, ஊசி இவனுக்கு. அப்படித்தானே?"

பலகையில் சுற்றிய துணியைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"நாளைக்கும் இவனுக்குப் படம் தேவைப்படாது. அப்ப நாளைக்கு என்ன செய்வீங்க? நாளன்னைக்கு?" பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மா நடக்கறாங்களா?"

"பாத்ரூம் வரைக்கும் போறாங்க மேடம். புடிச்சுக்கிட்டா."

"அப்ப புடிச்சுக்கிட்டு இங்க கூட்டிட்டு வாங்க."

அங்கே இருக்கிற டாக்டருக்கு அவரே போன் போட்டார். இருவரும் சேர்ந்து படித்தவர்களாம். இந்தப் பக்கத்துப் பேச்சுதான் எனக்குக் கேட்டது. "தெரியும்டி, தையல் இருக்கு, பிரஷர் இருக்கு... ஏன் இறங்கலைன்னு யோசிச்சுப் பாத்தியா நீ?... மாத்திரைய மாத்தாத, ஆள அனுப்பு. ரெண்டு மணி நேரம் போதும். இங்க எங்க கண்ணு முன்னால இருப்பா, ஏதாவதுன்னா நான் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் போயிட்டு வா. அந்தப் பொண்ணு நம்ம யாரையும் பாத்ததில்ல. உன் படத்த மட்டும்தான் பாத்திருக்கு. நீ சொன்னா நம்பினாலும் நம்பும்."

நர்சிங் ஹோமில் குழந்தையின் அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அழுது முடித்திருந்தார். கணவர் என்னை யார் என்று சொன்னதும் திரும்பினார்.

"நீங்கதான் அந்தப் படமெல்லாம் எடுக்கறவரா?"

"ஆமாக்கா."

"நேத்து வரைக்கும் எடுத்தீங்க."

"ஆமா."

"இன்னைக்கு ஏன் எடுக்கல? இவருகிட்ட சொன்னத என்கிட்ட சொல்லாதீங்க. உண்மையச் சொல்லுங்க."

குழாய், நுரையீரல் என்று மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "படம் எடுக்கணும்னா அவனப் பொரட்டணும்க்கா. கை கால அழுத்திப் புடிக்கணும். நல்லா தூங்கிட்டு இருந்தான். எதுக்கு எழுப்பறதுன்னு விட்டுட்டோம்."

"தூங்கறானா?"

"ஆமா. குல்லா கண்ணு மேல எறங்கிடுச்சு. அதோடயே தூங்கறான்."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு காலைக் கீழே வைத்துச் செருப்பைத் தேடினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆட்டோவில் பின்னால் அவர்கள் மூன்று பேர். நான் டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டில் தொற்றிக்கொண்டேன். வயிற்றில் தையல், பள்ளத்தில் விடாதீர்கள் என்று சொல்லித்தான் ஏறியிருந்தோம். "பூ மாதிரி இட்டுனு போறேன், பயப்படாத நைனா," என்றார் டிரைவர். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் மயிலாப்பூருக்குள் ஒரு தெருகூட நேராக இல்லை. தகர வேலியோரமாக நத்தை மாதிரி உருட்டிக்கொண்டு போனார். பின்னால் ஒரு பைக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாடா அவசரம் உனக்கு? உள்ள புள்ளத்தாச்சி கீது!"

"புள்ளத்தாச்சி இல்லப்பா, பெத்தாச்சு," என்றார் அக்கா.

"பெத்தாச்சா?" டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "அப்ப புள்ள எங்க?"

அப்பாவின் கை என் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தது.

"அங்கதான் போறோம்," என்றார் அம்மா.

அதற்கப்புறம் டிரைவர் ஹாரன் அடித்தவர்களைக்கூடத் திட்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் நிறுத்தி, "பள்ளம்மா, புட்சிக்கோ," என்று சொல்லி இறக்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் வீல்சேரோடு காத்திருந்தார். இரவு முழுக்க வேலை பார்த்தவர், அதுவரை வீட்டுக்குப் போகவில்லை. முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அதிகம்தான், ஆனால் பயப்படும்படி இல்லை. முழங்கை வரை கையைக் கழுவ வைத்து, கவுன் மாட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றேன். கையில் மெஷின் இல்லாமல் அந்த அறைக்குள் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் பெட்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார். அம்மா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு கால் மட்டும் தூக்கத்தில் உதைத்தது. காலில் கட்டியிருந்த பட்டையில் அவர் பெயர்தான் இருந்தது. அதை அவர் படிக்கவே இல்லை.

"இவ்ளோ சின்னதா?" என்றார்.

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "படத்துல பெருசா இருந்தானே! நல்லா எலும்பும் நெஞ்சுமா, ஆம்பளையாட்டம் இருந்தானே!"

"செல்லுல அப்படித்தான் தெரியும் போலடி. ஸ்கிரீனையே ரொப்பிக்கிட்டு..."

"ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் சட்டையெல்லாம் ஆறு மாசப் புள்ள சைஸுக்கு எடுத்து வைக்கச் சொல்லிட்டேன் அக்காகிட்ட."

முதலில் சிரித்தது சிஸ்டர்தான். பிறகு குழந்தையின் அப்பா. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகி, முகத்தை மாஸ்க்குக்குள்ளேயே துடைத்துக்கொண்டார். மேடம் தூரத்தில் வேறொரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை, ஆனால் பேனா நின்றிருந்தது. சிஸ்டர் பெட்டியின் ஓரத்துச் சின்னக் கதவைத் திறந்து, அம்மாவின் கையை உள்ளே வைக்கச் சொல்லிக்கொடுத்தார். தடவக் கூடாது, தட்டக் கூடாது, தலையில் ஒரு கை, காலில் ஒரு கை, சும்மா வைத்திருக்க வேண்டும். அவர் வைத்திருந்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். வேலைப் பழக்கம். அந்தக் குழந்தையை யாராவது தொட்டு ஆக்ஸிஜன் எண் இறங்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் திரும்பக் கிளம்ப மனமில்லாமல் கிளம்பினார். நாளைக்கும் கூட்டிவரச் சொல்லி மேடம் அங்கே மறுபடி பேசிவிட்டார். "நாளைக்குப் படம் வேணாம் தம்பி," என்று போகும்போது என்னிடம் சொன்னார் அம்மா, நான்தான் எடுத்தே தீருவேன் என்று நின்ற மாதிரி.

வெளியே வேப்பமர நிழலில் ஆட்டோ நின்றிருந்தது. நாங்கள் காத்திருக்கச் சொல்லவே இல்லை. டிரைவர் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் எழுந்து, "புள்ள கீதா? நல்லா கீதா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். இருக்கிறான் என்றதும் மீட்டர் பக்கம் பார்க்காமலே, கோபாலபுரத்தில் திரும்ப இறக்கிவிடுவதோடு, வெயிட்டிங்கையும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் என்றார். அக்கா, புள்ளையப் பத்திக் கேட்ட வாயா இது, முந்நூறுக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஆரம்பித்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடி அம்மாவும் சேர்ந்துகொண்டார், காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இவர்தானா என்று இருந்தது. அன்றைக்குப் படம் எடுக்காமல் விட்டதற்கு அவர்களுக்குக் கடைசியில் நானூற்று இருபது ரூபாய் ஆயிற்று.